டிஸ்க் வரைக்கும்தான் சொன்னேன்

"சார், அந்த டிஸ்க்…" என்பது வரைக்கும்தான் நான் சொன்னேன். மிச்சத்தைச் சென்னைக் கடைக்காரரே முடித்து வைத்தார்: "…கன்டினியூட் சார்." சிரிக்கக்கூட இல்லை. அவருக்கு அது சிலேடை இல்லை, ஸ்டாக் நிலவரம்.

மூன்று நாளாகிறது, இன்னும் ஆறவில்லை. பதினோரு மாதம் பார்த்து முடிவு செய்த சி.டி. பிளேயர் மாடல். என் கல்யாணத்துக்கு மூன்று ஜாதகத்தோடு முடித்துக்கொண்டார்கள். இதற்கு முப்பது பார்த்தேன். ஏதோ நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நீங்களும் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, பிளேயரின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சொருகுகிற இடமெல்லாம் தங்க முலாமா என்று பார்ப்பவர்தானே? டிரான்ஸ்பார்மர் வட்டமா சதுரமா, சிப் என்ன குலம், என்ன கோத்திரம்? பிலிப்ஸின் பழைய டிடிஏ 1541ஏ சிப்பில் தேறிய சரக்குக்குக் கிரீடம் அச்சடித்திருப்பார்கள். அந்தக் கிரீடத்துக்காகவே பாடாத பெட்டியையும் காசு கொடுத்துத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. எடையையும் விடுவதில்லை. சில ஜப்பான் மாடல்கள் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கனம். இத்தனைக்கும் உள்ளே சுற்றப் போகிற தட்டு பன்னிரண்டு சென்டிமீட்டர், அப்பளம் மாதிரி.

எது வாங்கலாம் என்று இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நிசப்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நல்ல பிளேயரின் லட்சணம் நிசப்தமாம். 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சி.டி.யைக் கொண்டுவந்தபோதே 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். 16 பிட்டுக்கு ஏறக்குறைய 96 டெசிபல். அதாவது உச்ச சத்தத்துக்கும் அடியில் கிடக்கிற இரைச்சலுக்கும் நடுவே அவ்வளவு பள்ளம். உயர்ந்த ரகக்காரர்கள் நூறு, நூற்றுப்பத்து, அதற்கும் மேலே என்று விளம்பரத்தில் பள்ளத்தை இன்னும் தோண்டிக்கொண்டே போகிறார்கள். சரி, அந்தப் பள்ளத்தை எங்கள் ஊர் வன்னியம்பட்டியில் கொண்டுவந்து வைப்போம்.

முதலில் ஃபேன். போனில் ஒரு ஆப் போட்டு அளந்தேன்: 52. ஆக, பள்ளத்தில் பாதியை ஃபேனே தூர்த்துவிட்டது. நிறுத்தலாம்தான். சித்திரை மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு வயலின் கேட்கிற ரசிகர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயார். அடுத்து ஃபிரிட்ஜ், பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைப் போட்டால் என் ஜன்னலில் 78. அப்புறம் கொல்லம் ரோட்டு பஸ்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற வேண்டியவரை ராஜபாளையத்திலேயே ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறார்கள். மலைப்பக்கமிருந்து மயில். அழகான பறவை, வாயைத் திறக்காத வரைக்கும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜும் மிக்சியுமாவது அடங்கும். உடனே இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று சுருதி பிடிக்கும். அந்த 'ம்ம்ம்' ஆம்ப்ளிஃபையர் வழியாக நுழைந்து இரண்டு ஸ்பீக்கரிலும் ஸ்டீரியோவாக வரும். மார்கழி விடியற்காலையை மட்டும் நம்பியிருந்தேன். நாலரை மணிக்கே கோயில் குழாயில் திருப்பாவை. ஆண்டாள் பிறந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கு எதிராக எந்த ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது? வெள்ளை ராஜபாளையம் நாய்க்குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் பக்கத்தில் அந்த நூற்றுப்பத்து டெசிபல் நிசப்தத்தை முழுசாக அனுபவிக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

குழாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. கோயில் கொடைக்குக் குழாய் கட்டுகிற சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் போன மாதம் பிளேயரின் விலையைச் சொன்னேன்.

"ரெண்டு லட்சமா! எத்தனை குழாய் கட்டலாம் தம்பி இதுல?"

"குழாய் கிடையாது அண்ணாச்சி. வீட்டுக்குள்ள கேக்குறதுக்கு."

"யாரு?"

"நான்தான்."

ஊருக்கே பந்தி வைக்கிற மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டார்.

இந்தக் கம்பெனிகளைத்தான் என்ன சொல்வது. ஒப்போ 2017-ல் யுடிபி 205 என்று ஒரு பிளேயர் கொண்டுவந்தது. ஏறக்குறைய எல்லா வகைத் தட்டும் ஓடும், ஊர் உலகமே கொண்டாடியது. அடுத்த வருஷம் ஏப்ரலில் பிளேயர் தொழிலையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்து அப்போது சிரித்தவன் நான். சிரித்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் மனைவியிடம் புலம்பினால், "இருக்கிற தட்டையெல்லாம் முதல்ல எண்ணிப் பாருங்க" என்றாள். எண்ணினேன். ஒரிஜினல் சி.டி. முப்பத்தொன்று. அவற்றின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் 'ஏஏடி' என்று இருக்கிறது. டேப்பில் பதிந்து, டேப்பிலேயே கலந்து, கடைசியில் தட்டில் இறக்கியது என்று அதற்கு அர்த்தம். அதில்கூடக் குறையில்லை, பொன்னான பதிவுகள். ஆனால் இரண்டு மூன்றை இசைத்தட்டிலிருந்தே இறக்கியிருக்கிறார்கள். கடுகு தாளிக்கிற மாதிரி பொரிகிறது. இரண்டு லட்சம் கொடுத்தால் ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகக் கேட்கும்.

மிச்சம் இருநூற்றுச் சொச்சமும் பஜாரில் எழுதி வாங்கியது. 'எஸ்.பி.பி. சோகம் 150' என்று மார்க்கரில் தலைப்பு. எம்பி3. உயர்ந்த ரகப் பிளேயர்கள் பலவற்றுக்கு எம்பி3 தட்டே ஓடாது. குறிப்புப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பதினோரு மாதத்தில் நான் திறக்காத ஒரே பக்கம் அது.

இப்போதைக்கு எல்லாத் தட்டும் பழைய டி.வி.டி. பிளேயரில்தான் ஓடுகிறது. விலை 2,400 ரூபாய். கீறல், கைரேகை, சட்னிக் கறை எதற்கும் முகம் சுளிக்காது. ட்ரே வெளியே வர மண்டையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ரிமோட் தொலைந்து நாலு வருஷமாகிறது. யாரிடமாவது இருந்தால் கொடுத்துதவுங்கள். மாடல் நம்பர் அழிந்துவிட்டது; கறுப்புக் கலர்.