குறை சொல்லத் தெரியாத விளக்கு

மீட்டருக்குள் இரட்டை அம்பு போட்டு உட்கார்ந்திருக்கும் இண்டிகேட்டர் விளக்கே, மங்கலம்பேட்டை கடைவீதி முழுக்கத் தேடினாலும் உன்னைப் போல ஒரு பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. ஹாரன் போனால் உன் ஓனர் அன்றைக்கே மெக்கானிக் கடை வாசலில் நிற்கிறார். செயின் தளர்ந்தால் சத்தம் போட்டே காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. பஞ்சரான டயர் வண்டியை நகரவே விடுவதில்லை. நீ மட்டும்தான் உயிர் போன பிறகும் யாரையும் தொந்தரவு செய்யாதவன். வண்டி ஓடுகிறது. மைலேஜ் குறையவில்லை. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. உன்னால் அவருக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஸ்டியரிங் திரும்பி நேரானதும் அங்கே இண்டிகேட்டர் தானாக விழுந்துவிடும். அதுவரை டிக் டிக் என்ற சத்தம் காதை விடாது. பெரும்பாலான பைக்குகளில் இந்த இரண்டும் இல்லை. போட்ட ஸ்விட்சைக் கட்டைவிரல்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்று சொல்வதற்கு, எதிர்க்காற்றின் இரைச்சலுக்கு நடுவே, கண்ணில் படுகிற நீ ஒருவன்தான் இருக்கிறாய். அவ்வளவு பெரிய பொறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாயே, அந்த அடக்கம் யாருக்கு வரும்?

உன் அடக்கத்தின் பலனை உளுந்தூர்பேட்டை – விருத்தாசலம் சாலையில் நன்றாகப் பார்க்கலாம். தெருவிலிருந்து வலப்பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்போது உன் ஓனர் முறையாக இண்டிகேட்டர் போடுகிறார். ஊரைத் தாண்டுகிறார். கரும்பு ஏற்றிய டிராக்டரை முந்துகிறார். விருத்தாசலத்தை நோக்கி நேராகப் போய்க்கொண்டே இருக்கிறார். பின்னால் வலது விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்ற விதிப்படி, சட்டம் தவறாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது. அவர் மனதில் ஒரு சலனமும் இல்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நீ.

பின்னால் பஸ் வருகிறது. இவர் வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்று டிரைவர் நம்புகிறார், வேகத்தைக் குறைக்கிறார், காத்திருக்கிறார். திரும்பவில்லை. பொறுமை இழந்து இடப்பக்கமாக ஒதுங்கி முந்தப் பார்க்கும் நேரத்தில், பஸ்ஸுக்கு வழி விடுவதாக எண்ணி இவரும் இடப்பக்கமே ஒதுங்குகிறார். இருவரும் நல்லவர்கள், இருவரும் விட்டுக்கொடுக்கிறார்கள். அவர்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும் திறமை உன்னுடையது.

அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்போதும் நீ சும்மா இருப்பதில்லை. பைக்கில் மின்னும் இண்டிகேட்டரை நம்பத் தேவையில்லை என்று அந்த டிரைவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறாய். அடுத்த நாள் வேறொருவர், மனைவியையும் பிள்ளையையும் பின்னால் வைத்துக்கொண்டு, தன் கிராமத்துப் பாதையில் உண்மையாகவே வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடுவார். உன்னிடம் பாடம் படித்த டிரைவர் அவரை முந்துவார். உன் புகழ் உன் வண்டியோடு நிற்பதில்லை, முன்பின் பார்த்திராத குடும்பங்கள் வரைக்கும் போகிறது.

உனக்கு வாய்த்த நண்பர்களையும் பாராட்டத்தான் வேண்டும். "அண்ணே, அது சும்மா லைட்டுதாண்ணே. வெளிய நாலும் எரியுது இல்ல, ஓட்டுங்க" என்கிறார் மெக்கானிக் தம்பி. வாட்டர் சர்வீஸ் செய்கிறவர் பிரஷர் தண்ணீரை மீட்டருக்கு நேராகப் பிடித்து உன் ஹோல்டரில் களிம்பு ஏற உதவுகிறார். நம் சாலைக் குழிகள் உன் இழையை ஆட்டி ஆட்டி அறுத்துக் கொடுக்கின்றன. இத்தனை பேர் கைகொடுத்து வளர்த்த மௌனம் இது.

உன் சாமர்த்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விளக்கு வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் உனக்கென்று தனி எர்த் கிடையாது. வலது இண்டிகேட்டர் போட்டால், மின்சாரம் உன் வழியாகப் போய் இடப்பக்க பல்புகளின் இழை வழியே எர்த்தைத் தொடும். இடது போட்டால் எதிர்த்திசை. அதனால் இடப்பக்கம் இரண்டு பல்பும் போயிருந்தால், வலது போடும்போது நீ எரியமாட்டாய். உன்னைக் கழற்றிப் பார்க்கிறவர் உன்னில் ஒரு குறையும் காணமாட்டார். பழி வேறிடத்தில் இருக்க, நீ சுத்தமாக வெளியே வருவாய்.

உன் இடத்தில் ஒரு எல்இடியை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. எல்இடி ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும் என்பதால் ஒரு பக்கத்துக்கு எரிந்தது, மறுபக்கத்துக்கு எரியவில்லை. அழகுக்காக வெளியே நான்கையும் எல்இடி ஆக்கி, உன்னைப் பழையபடியே விட்டவர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். உன் வழியே கசியும் கொஞ்சம் மின்சாரமே எதிர்ப்பக்க எல்இடிகளுக்குப் போதும் என்பதால், எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்து மின்னும். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்ற கேள்வியையே ஒழித்துவிட்டாய்.

உன் இனத்தில் ஒருவன் உலகப் புகழ் பெற்றவன். 1972 டிசம்பர் 29, நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம். முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் உண்மையில் சரியாகவே இறங்கியிருந்தது, பல்பு மட்டும்தான் போயிருந்தது. விமானி அறையில் இருந்தவர்கள் அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பதிலும் சக்கரத்தைச் சோதிப்பதிலும் மூழ்கிவிட்டார்கள். 2,000 அடி உயரத்தில் விமானத்தை நிறுத்தி வைத்திருந்த தானியங்கி ஏற்பாடு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. உயரம் குறைகிறது என்று ஒலித்த மணியும் காதில் விழவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். அவன் அவர்களுடைய கவனம் முழுவதையும் பிடுங்கிக்கொண்டான். நீ அப்படிப்பட்டவன் இல்லை. உன் ஓனரின் கவனத்தை ஒரு நொடிகூட நீ கேட்டதில்லை. அதற்காக உன்னைப் பெரியவன் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிவிடுகிறேன். ஆனால் விருத்தாசலம் சாலையில் பஸ்ஸுக்கு அடியில் போகிறவர்கள் ஒருவர் இருவராகப் போவதால் எந்தக் கணக்கிலும் உன் பெயர் ஏறுவதே இல்லை.

உனக்குப் பின் வந்தவர்களும் உன் வழியைப் பிடித்துக்கொள்ளலாம். 2019-இல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது, அதன் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது, அதோடு மஞ்சள் இன்ஜின் விளக்கும் பரவலானது. சாவியைத் திருப்பியதும் இவை ஒருமுறை எரிந்து காட்டும், தாம் உயிரோடு இருப்பதைச் சொல்வதற்காக. அதை யாரும் பார்ப்பதில்லை என்றால், குறையே இல்லாத வண்டியும் குறை சொல்லும் விளக்கு போன வண்டியும் ஒன்றுபோலவே தெரியும். இந்தச் சமத்துவத்தை முதலில் கொண்டுவந்தவன் நீதான்.

உன்னை மாற்ற என்ன வேண்டும்? ஹெட்லைட் டூமின் திருகுகளைக் கழற்றி, மீட்டரின் அடியில் இருக்கும் ரப்பர் ஹோல்டரை இரண்டு விரலால் இழுத்தால் நீ வெளியே வந்துவிடுவாய். ஹோல்டரில் களிம்பு இருந்தால் சுரண்ட வேண்டும். பக்கத்து ஹோல்டரில் எரியும் பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் எரியவில்லை என்றால் எதிர்ப்பக்க பல்புகளையும் வயரையும் பார்க்க வேண்டும். கால்மணி நேரம், ஒரு மீட்டர் பல்பின் காசு. அந்தக் கால்மணி நேரத்தையும் காசையும் உன் ஓனருக்கு நாள்தோறும் மிச்சப்படுத்திக் கொடுக்கிறாய். பின்னால் பிரேக் போட்டுப் போட்டு வந்த பஸ் டிரைவருக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதை மட்டும் நீ அவரிடம் சொல்லப் போவதில்லை.