எனக்குன்னு சொல்லி வச்சிருந்தாரு

அமெரிக்காவில் பேர்போன தூண்டில்காரர் ஒருவர் கண்ணை மூடினால், காரியம் முடிந்த கையோடு வீட்டார் ஏலக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். கம்பெனி ஆள் வந்து ஒவ்வொரு கழிக்கும் ரீலுக்கும் நம்பர் போடுகிறார், படம் பிடிக்கிறார், புத்தகம் அச்சடிக்கிறார், நாள் குறித்து ஏலம் விடுகிறார். 2003இல் லாங்ஸ் என்ற கம்பெனி நடத்திய ஏலத்தில், 1859இல் காப்புரிமை வாங்கிய ‘ஹாஸ்கெல் மின்னோ’ என்னும் செப்பு மீன் பொம்மை 1,01,200 டாலருக்குப் போனது. எடுத்தவர் அதைத் தண்ணீரில் போட்டிருப்பார் என்று நினைக்க வழியில்லை. மீன்தான் வேண்டுமென்றால் அந்தப் பணத்துக்கு நம் பக்கத்தில் ஏரியையே குத்தகைக்கு எடுத்துவிடலாம்.

மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்திலும் ஏலத்துக்குக் குறைவில்லை. ஏரிக்கு மீன்பாசி ஏலம் உண்டு. ரோட்டோரப் புளியமரத்துக்கு மகசூல் ஏலம் உண்டு. செத்துப்போன தூண்டில்காரரின் சாமான்களுக்கு மட்டும் ஏலம் கிடையாது. அதற்குப் பதிலாக நம்மிடம் ஒரு மனிதர் இருக்கிறார். “எனக்குன்னு சொல்லி வச்சிருந்தாரு” என்கிறவர் அவர்.

இவரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எழவு வீட்டுக்குத்தான் போக வேண்டும். வயது நாற்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். செத்தவருக்குச் சொந்தமாகவும் இருக்கலாம், மில்லில் கூட வேலை பார்த்தவராகவும் இருக்கலாம், ஆற்றங்கரையில் கூட உட்கார்ந்தவராகவும் இருக்கலாம். ஒரு அடையாளம் மட்டும் மாறாது. பந்தலில் எல்லாரும் ஐஸ் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது இவர் மட்டும் எரவாணத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அங்கேதான் தூண்டிக் கழிகள் செருகியிருக்கும்.

“மழ வர்ற மாதிரி இருக்குதே” என்று ஆரம்பிப்பார். பந்தல் நனையும், சனம் நனையும் என்று கவலைப்படுகிறார் போலும் என நாற்காலிக்காரர் தார்பாயை எடுக்க ஓடுவார். இவருக்குக் கவலை, கழி நனைந்து வளைந்துவிடுமே என்று.

செத்தவர் சாதாரணத் தூண்டில்காரர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றோரத்து ஊர்களில் ஊருக்கு ஒருவர் அப்படி வாய்ப்பார். சர்க்கரை மில்லில் அரவை நடக்கும் மாதங்களில் ஷிப்ட் வேலை, மற்ற மாதங்களில் தென்பெண்ணை. சாத்தனூர் அணையில் ஷட்டர் திறந்த சத்தம் ஊருக்குக் கேட்பதற்கு முன்னால் இவருக்குக் கேட்கும். கலங்கல் தண்ணீருக்கு எந்த இடம், தெளிந்த தண்ணீருக்கு எந்த இடம், விரால் எந்தப் புல்லோரம் குஞ்சு மேய்க்கும், கெளுத்தி எந்த நேரம் அடி மண்ணைக் கிளறும் என்பதெல்லாம் அத்துப்படி. தூண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதே வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லிவிட்டுப் போவார். அரைத்த மசாலா வீணானதாக அந்தத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மற்றவர்கள் மீனோடு வந்து மசாலா தேடுகிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

அவர் விட்டுப்போன சொத்து என்னவென்று பார்த்தால், பிரம்பு அளவுக்கு வளைந்து கொடுக்கும் மூங்கில் கழி மூன்று, சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த மடக்கு ராடு ஒன்று, அதற்கு ஒரு ரீல், தங்கூசி நரம்பு நாலைந்து சுருள், மயிலிறகுத் தண்டில் வெட்டிய தக்கைகள், பழைய பிஸ்கட் டப்பா நிறைய முள், ஈயக்குண்டு. பழைய இரும்புக்காரரிடம் போட்டால் ஈயத்துக்கு மட்டும் விலை சொல்வார். ஆனால் நம்மவர் கண்ணில் அது வேறு. அந்தக் கழியில் கை வைத்தால் அந்தக் கை வந்துவிடும் என்று மனதார நம்புகிறார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றியாயிற்று. நம்மவர் மெல்லப் பெரியம்மா பக்கத்தில் போய் உட்காருவார்.

“சாப்டீங்களா பெரிம்மா?”

“ம்.”

“பெரிப்பாவ நெனச்சாத் தூக்கமே வர்ல. ஆடிப்பெருக்கு அன்னிக்கி ஆத்துல நிக்கிறோம். முட்டிக்கால் தண்ணி. திடீர்னு என்னப் பாத்து, ‘டேய், என் காலத்துக்கு அப்பறம் இந்த ராடு ஒனக்குத்தாண்டா’ன்னாரு. நான் அப்பவே சொன்னேன், ‘ஏன் பெரிப்பா இப்பிடிலாம் பேசற’ன்னு.”

பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாததற்குக் காரணம் துக்கமல்ல. இந்தக் கதையை அன்று காலையிலிருந்து அவர் கேட்பது நாலாவது முறை. ஆறு அதே ஆறு, தண்ணீர் அதே முட்டிக்கால், ஆள் மட்டும் வேறு. ஒருவருக்கு ஆடிப்பெருக்கு, ஒருவருக்கு மாட்டுப்பொங்கல், ஒருவருக்குப் போன வருஷம் மழை விட்ட மறுநாள். இவ்வளவு பேருக்கு வாக்குக் கொடுத்த மனிதருக்கு மீன் பிடிக்க எங்கிருந்து நேரம் கிடைத்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். வாயால் சொல்கிற உயிலைப் போர்முனையில் நிற்கும் படைவீரர், விமானப்படையினர், கடலில் இருக்கும் மாலுமி ஆகியோருக்குத்தான் அது விட்டுவைத்திருக்கிறது. தென்பெண்ணையில் முட்டிக்கால் தண்ணீரில் நிற்பவரை மாலுமியாகச் சேர்க்க எந்த வக்கீலும் துணிய மாட்டார். உயில் இல்லாவிட்டால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாயார் ஆகியோருக்குச் சமபங்கு. மடக்கு ராடு மூன்று துண்டாகக் கழலும் என்பதால் இந்தச் சட்டத்துக்கு வசதியான பொருள்தான். நம்மவருக்கு அதில் ஒரு துண்டும் இல்லை.

இந்தச் சொல்லிவைக்கப்பட்டவர்களிலும் வகை உண்டு. முதல் வகை, கடன் வாங்கியவர். இவர் எதையும் கேட்க மாட்டார், ஏனென்றால் பாதிச் சாமான் ஏற்கெனவே இவரிடம்தான் இருக்கிறது. கைவலை எங்கே என்று மகன் கேட்டால், “ஃபெஞ்சல் வெள்ளத்துல போச்சுப்பா” என்பார். 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் வந்தது ஊரறிந்த சேதி. அதில் வீடும் ஆடுமாடும் பறிகொடுத்தவர்கள் பலர். ஆனால் அந்த வெள்ளம் இவர் வீட்டிலிருந்து பெரியவரின் சாமானை மட்டும் பொறுக்கி எடுத்துப் போயிருக்கிறது. போன பொங்கலுக்கு வாங்கிய சாமானையும் சேர்த்து.

இரண்டாம் வகை, விவரம் தெரிந்தவர். ரிட்டயரான ஃபிட்டர். “இதெல்லாம் லேசுப்பட்ட கழி இல்ல தம்பி. வெள்ளக்காரன் அந்தக் காலத்துல மீன் ராடு செஞ்சதே நம்ம கல்கத்தா மூங்கில்லதான்” என்பார். இவர் சொல்வது உண்மை. சீனத்து டோன்கின் மூங்கில் வந்து இடம் பிடிக்கும் வரை, ஆறு பட்டையாக்கி ஒட்டிய மேல்நாட்டுக் கழிகளுக்கு இந்தியாவிலிருந்து போன மூங்கில்தான் ஆதாரம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். அது போதாதென்று 1887இல் ஏரி குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். ஃபிட்டர் இதையெல்லாம் சொல்வது மகன் கழியின் அருமையை உணர வேண்டும் என்பதற்காக. மகன் உணர்ந்து விலை கேட்டதும், “இருந்தாலும் இது உள்ளூர் மூங்கிதான, பூச்சி அரிச்சிருக்கு பாரு” என்று இறங்கி வருவார்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானவர். இவருக்குக் கழியும் வேண்டாம், ரீலும் வேண்டாம். இரைக்குப் போடும் மாவின் ரகசியம் வேண்டும். பெருஞ்சீரகமா, பெருங்காயமா, கருவாட்டுத் தூளா, மில் சர்க்கரைப்பாகா என்று வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர். பெரியம்மாவைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

“பெரிம்மா, அந்த மாவுல இன்னா கலப்பாரு? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

“நான் ராத்திரி சப்பாத்திக்குப் பெசஞ்சதுல மிச்சம் இருந்தா எடுத்துக்கினு போவாரு.”

“வேற ஒண்ணும் இல்லியா?”

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதான் மிச்சமாவும்.”

அவர் இதை நம்பவில்லை. கிழவி மறைக்கிறாள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்தக் கிறுக்கு நம்மூருக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். மேல்நாட்டில் ஒரு கூட்டம் புழுவும் மாவும் தொடாது. முள்ளில் இறகும் பட்டுநூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, அதை வீசி மீன் பிடிக்கும். ஊட்டி மலை ஓடைகளில் டிரவுட் மீனை 1906, 1907 வாக்கில் வில்சன் என்பவர் குடியேற்றி, அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் வைத்தது இவர்களுக்காகத்தான். சால்மன் மீனுக்கான பொய்ப்பூச்சிக்கு உசத்தியான இறகுகளில் ஒன்று, தீபகற்ப இந்தியாவுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. 2009இல் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரிலிருக்கும் அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடிப் போனான் ஒரு புல்லாங்குழல் மாணவன். எல்லாம் பொய்ப்பூச்சி கட்டும் பித்தர்களுக்கு விற்கத்தான். அதைப் பார்க்கும்போது, எரவாணத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர் மகா யோக்கியர்.

பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. சென்னையிலிருந்து வந்த மகனுக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். “இதெல்லாம் எதுக்கும்மா, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்றான் சத்தமாக. அந்த ஒரு வார்த்தையில் ஏலம் தொடங்கியது. யாரும் ஏலம் என்று சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை, நம்பர் போடவில்லை. மரியாதையில் ஆரம்பித்தது.

“சும்மா வேணாம் பெரிம்மா, ஒரு மரியாதைக்கு நூறு ரூவா வச்சிக்குங்க.”

“நூறு ரூவாய்க்கா மரியாத? பாசத்துக்கு நான் எரநூறு தர்றேன்.”

“அவுரு ஞாபகார்த்தமா எங்கிட்ட இருக்கட்டும், ஐந்நூறு.”

“எனக்குக் குருநாதரு. குருநாதருக்கு வெல பேசக்கூடாது. அறநூறு.”

பெரியம்மா வாயே திறக்கவில்லை. வெற்றிலையை மடித்தார், சுண்ணாம்பு தடவினார், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சென்னையில் முர்ரே கம்பெனி ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் சுத்தியல் தட்டியவர்கள்கூட இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஏற்றிவிட்டிருக்க மாட்டார்கள். துக்கம் அறுநூறில் நின்றது, பொறாமை ஆயிரத்து இருநூறுக்குப் போனது. வாக்குப் பெற்ற நால்வரில் யாருக்கு வாக்கு நிஜம் என்ற கேள்வியை அதற்குமேல் யாரும் எழுப்பவில்லை. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் பெரியம்மா பேசினார்.

“அவுரு ஒருத்தருக்கும் சொல்லி வைக்கல. மீன் வந்துருமின்னு வாயத் தொறக்காத மனுசன். ஆத்துல நின்னா என்கிட்டயே பேச மாட்டாரு.”

ராடை எடுத்தவர் மறுநாள் விடியலிலேயே பாலத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார். வெயில் ஏறும் வரை கிடைத்தது விரல் நீள ஜிலேபிக் கெண்டை இரண்டு. 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நாடெங்கும் ஏரியும் ஆறும் அடைத்துக்கொண்டிருக்கும் மீன் அது. தூண்டியே இல்லாமல் துண்டை விரித்தாலும் மாட்டும். இவர் அணையைக் குறை சொன்னார், மணல் போன ஆற்றைக் குறை சொன்னார், ரீலுக்கு எண்ணெய் இல்லை என்றார். ராத்திரி பத்து மணிக்குப் போய், கொசுக்கடியில் அசையாமல் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கும் வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. அதை எரவாணத்தில் யாரும் செருகி வைத்துவிட்டுப் போக முடியாது.

ஆனாலும் அவருக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. இப்போது டீக்கடையில் மீன் பேச்சு வந்தால், “அவுரு ராடு எங்கிட்டதான் இருக்குது” என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அதற்குமேல் மீன் பிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

தூண்டில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருக்காவது கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் உயிரோடு இருக்கும்போதே, நாலு பேர் பார்க்கக் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நாலு ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், சம்சாரத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: ஆயிரத்து இருநூறுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று.