நகச்சொத்தைச் சாகுபடி: வடசென்னைக்காரர்களுக்குச் சில யோசனைகள்

தஞ்சாவூருக்கு நெல், ஈரோட்டுக்கு மஞ்சள் என்று ஊருக்கு ஒரு பயிர் இருக்க, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கும் நமக்கு என்னதான் விளைகிறது என்று ஏங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், மானியத்துக்கு மனுப்போட்டு அலைய வேண்டாம். பத்துக் கால்விரல் போதும். கட்டைவிரலில் தொடங்குவது உத்தமம். நகம் அகலம், வளர்வதும் மெதுவாக, மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒருமுறை வேர் பிடித்தால் அவ்வளவு சீக்கிரத்தில் யாரும் கிளப்ப முடியாது.

விதையின் பெயர் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம். உலகம் முழுக்கக் கால் நகத்தில் அதிகம் விளையும் பூஞ்சை இதுதான். நகமும் தோலின் மேலடுக்கும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அதைத் தின்றுதான் இது உயிர் வாழ்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா பாருங்கள். வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, ராத்திரியில் அரிக்கிறதா? அதுதான் நாற்றங்கால். சொறிந்து சுகம் காண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து போட்டுவிட்டால் நாற்று நகத்துக்குப் போய்ச் சேராது.

திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்ட் போகிறவர்களுக்குப் பாசன வசதியைக் கம்பெனியே செய்து கொடுக்கிறது. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ இல்லாமல் வேலை செய்தால் கால் போய்விடும். அதனால் கழற்றச் சொல்லி யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எட்டு மணி நேரம் விரல்கள் வேர்வையில் வேகும். ஓவர்டைம் கிடைத்தால் பன்னிரண்டு. நைலான் சாக்ஸ் வேர்வையை உறிஞ்சாது, அதையே போடுங்கள். ஒரே ஜோடியை மூன்று நாள் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஷூவை ஈரத்தோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்; மொட்டைமாடி வெயிலைக் காட்டினால் காய்ந்து தொலைக்கும். ஷூ கொஞ்சம் டைட்டாக இருப்பதும் நல்லதே. நுனி இடித்து இடித்து நகம் சதையை விட்டு லேசாகத் தூக்கும். பூஞ்சைக்கு அந்த இடுக்கு போதும்.

காசிமேட்டில் விளைவது வேறு ரகம். மீன் விற்கும், இறால் உரிக்கும் பெண்களுக்குக் கால் அல்ல, கை. விடிவதற்கு முன்னால் தொடங்கி ஐஸ், மீன் தண்ணி, மறுபடி ஐஸ் என்று விரல்கள் காயவே காயாது. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்தான் அங்கே கதவு. அது ஊறி விட்டுப்போனால் கேண்டிடா என்ற பூஞ்சை உள்ளே நுழையும். நகத்தைச் சுற்றி வீங்கும், தொட்டால் வலிக்கும், நகம் மேடுபள்ளமாக வளரும். நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கொள்வார்கள். சாகுபடியாளர் இதை எதிர்க்க வேண்டியதில்லை; பழம் விரலை இன்னும் ஈரமாகவே வைத்திருக்கும். மிச்சமிருக்கும் தோலைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுப்பதும் பலன் தரும். யாராவது கேட்டால் "தண்ணி வேலம்மா, அப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடு என்று சொல்கிறவர்கள், கையுறையோடு ஒரு கூடை இறால் உரித்துப் பார்த்ததில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்களின் கால் பகலெல்லாம் சேற்றில்தான். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்தது. எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது, கொசஸ்தலை ஆற்றில் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. மீனவர்கள் அதை வாளியில் அள்ளினார்கள். எண்ணெய் பூஞ்சையை வளர்க்காது. தோலை எரித்து வெடிக்க வைக்கும். வெடித்த தோலில் எது வேண்டுமானாலும் நுழையும். இதை நான் சாகுபடிக் கணக்கில் சேர்க்கவில்லை. விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு.

உரத்துக்கு மெடிக்கல் ஷாப் போதும். "அண்ணே, அரிக்குது" என்றால் போதும், "இத்தப் போடு நைனா, ரெண்டே நாள்ல பூடும்" என்று ஒரு ட்யூப் வரும். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் அதில் ஒன்றாகக் குடித்தனம் செய்யும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். மேலே சிவப்பு போகும், கீழே பயிர் செழிக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு இறுக்கியது. கவுண்டருக்கு அந்தச் சேதி வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. இப்படி அரைகுறையாக மருந்து பழகிப் பழகித்தான், வழக்கமான மாத்திரைக்கு மசியாத படர்தாமரை நம் நாட்டில் பெருகியது. அதன் பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். உலகச் சந்தையில் நமக்கென்று ஒரு ரகம்!

நகம் மஞ்சளாகி, தடித்து, நுனி மாவாக உதிரத் தொடங்கினால் விளைச்சல் வந்துவிட்டது. அசிங்கமாக இருந்தால் மருதாணி வையுங்கள், நெயில் பாலிஷ் அடியுங்கள். டாக்டரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஏனென்றால் பயிருக்கு எதிரிகள் ராயபுரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைத் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனால் பைசா வாங்காமல் பார்த்துவிடுவார்கள். முதலில் நகத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பூஞ்சை இழை தெரிகிறதா என்று தேடுவார்கள். சொத்தை மாதிரி தெரியும் நகங்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையே அல்ல. சொரியாசிஸாக இருக்கலாம், ஷூ இடித்ததாக இருக்கலாம். இந்தச் சோதனை இல்லாமல் மாத்திரை தின்றால் காசும் கல்லீரலும்தான் செலவு.

பூஞ்சைதான் என்று உறுதியானால் பெரும்பாலும் டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். குவார்ட்டர் கணக்கையும் கேட்பார்கள். கேண்டிடாவாக இருந்தால் இட்ரகோனசோல் தரலாம்; இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. நகத்தில் பூசும் அமோரோல்ஃபைன் லேசான சொத்தைக்குத் துணை செய்யும். களிம்பு தடித்த நகத்தைத் துளைத்துக்கொண்டு அடியில் இறங்காது.

இங்கேதான் சாகுபடியாளர் பயிரைக் காப்பாற்ற முடியும். மருந்து பழைய நகத்தைப் புதுசாக்காது. அடியிலிருந்து நல்ல நகம் முளைத்து, சொத்தையை மெல்ல முன்னே தள்ளி வெட்டுக்கு அனுப்ப வேண்டும். கால் கட்டைவிரலில் அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். மாத்திரை நின்ற பிறகும் மருந்து நகத்துக்குள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும். ஆகவே ஒரு மாதம் தின்றுவிட்டு "ஒண்ணும் தெரியலியே" என்று நிறுத்திவிடுங்கள். சாகுபடி தப்பிக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கால் மரத்தவருக்குத் தடித்த நகம் சதையைக் குத்துவது தெரியாது. சேற்றுப்புண் வழியே கிருமி ஏறிக் கால் வீங்கும்போதுதான் தெரியும். இந்த ஊருக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் அதற்கென்றே மருத்துவமனை கட்டினார். அங்கே காலைக் காப்பதற்குத் தனிக் கவனம் உண்டு. சர்க்கரைக்காரர் நகத்தை வீட்டில் பிளேடு போட்டுச் சீவாமல், எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போவது நல்லது.

மற்றவர்கள், எல்லா எச்சரிக்கையையும் மீறி நகம் குணமாகிவிட்டால் மனம் தளர வேண்டாம். மறுவிதைப்பு சுலபம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நகவெட்டி, கொதிநீரைக் காட்டாதீர்கள். பழைய ஷூவுக்குள் விதை இன்னும் உயிரோடு இருக்கும். நல்ல ஷூ, தோல்கூடத் தேயவில்லை, தூக்கிப் போட மனசு வராது. உங்களுக்கு வேண்டாமென்றால் மச்சானுக்கு அடுத்த மாதம் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கும் எட்டாம் நம்பர்தான்.