உருளைக்கிழங்கு இல்லாத விருந்து: அபாவம் என்னும் அளவை பற்றி ஓர் ஆராய்ச்சி

ஓர் உணவு இடைக்கால ஐரோப்பாவைச் சேர்ந்ததுதான் என்று எப்படி நிறுவுவது? சுவைத்துப் பார்த்து நிறுவ முடியாது. அந்தச் சுவையை அறிந்தவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள். புலன்களால் நேரே அறியும் காட்சி அளவை முதல் பந்தியிலேயே எழுந்து போய்விடுகிறது. எனவே அறியும் வழிகளாக மணிமேகலை எண்ணிச் சொல்லும் அளவைகளுள் பலரும் பொருட்படுத்தாத அபாவத்தை இக்கட்டுரை துணைக்கு அழைக்கிறது. இன்னது இல்லை, ஆகவே இது உண்மை.

ஆய்வுக்களம் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்னும் கழகம். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொண்டாட்டத்தில் தொடங்கியது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்க்கையை ஓய்வு நாட்களில் வாழ்ந்து பார்ப்பது உறுப்பினர்களின் பொழுதுபோக்கு. சண்டையில் வென்றவர் அரசர். சண்டை போடாதவர் சமையலறைக்குப் போகிறார். ஆய்வாளர் கருத்தில் அங்கே நடப்பதுதான் கடும்போர்.

மூலநூலாக ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’யை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்தது. ஏறக்குறைய இருநூறு பக்குவங்கள். பெரும்பாலானவற்றில் அளவு இல்லை, நேரம் இல்லை. மன்னரின் சமையற்காரனுக்கு உப்பு எவ்வளவு என்று எழுதிக் காட்டுவது அவனுக்கு அவமானம் அல்லவா? அபாவத்தின் முதல் வெற்றி இது. எழுதாமல் விட்ட இடத்தில்தான் இன்றைய சமையற்காரர்கள் இரவெல்லாம் வாதாடுகிறார்கள்.

அடுத்து, பொருள்களின் இன்மை. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், வான்கோழி ஆகிய அனைத்தும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. ரிச்சர்டின் மேசையில் ஒரு தக்காளித் துண்டு தென்பட்டால் விருந்து முழுவதும் பொய். உண்பவர்க்கு முள்கரண்டியும் கிடையாது; கத்தி, கரண்டி, விரல்கள். (கடைசிக் கருவியில் நம்மவர்க்குப் பயிற்சி தேவையில்லை.)

இருப்பவற்றைப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு வேறொரு ஐயம் எழும். இஞ்சி, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, சாதிக்காய். சிவப்பு நிறத்துக்குச் செஞ்சந்தனம். ஐரோப்பியப் பிரபு பெரும்பணம் கொடுத்துக் கடல் கடந்து வரவழைத்த இந்தப் பட்டியலை நாட்டு மருந்துக் கடையில் நீட்டினால், கடைக்காரர் தீபாவளி லேகியத்துக்கா என்று கேட்டு, பாதிக்குமேல் மடித்துக் கொடுத்துவிடுவார். கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா சேர்த்தார்கள் என்ற கதையை ஆய்வாளர் ஏற்கவில்லை. திப்பிலி வாங்கப் பணமிருந்தவன் புது இறைச்சி வாங்கமாட்டானா?

கிறித்தவ விரத நாட்களில் இறைச்சி கூடாது. தவக்காலத்தில் பாலும் முட்டையும்கூடக் கூடாது. அதனால் நூலெங்கும் பாதாம் பால் ஓடுகிறது. விரதமற்ற நாளிலும் அது ஓய்வதில்லை. ‘பிளாங்க்மாங்’ என்ற பண்டத்தில் அரிசி, பாதாம் பால், சர்க்கரை. இனிப்பு என்று நம்பிக் கரண்டியை விட்டால் சேவல் இறைச்சி வரும்.

இங்கேதான் அபாவக் கொள்கையில் ஒரு விரிசல். பாதாமை உரலில் இடித்து, நீர் விட்டுப் பிழிந்து பாலெடுக்க அரண்மனையில் கைகள் பல இருந்தன. நெருப்புக்கு முன் இறைச்சிக் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்கவும் பையன்கள் இருந்தார்கள். இன்றோ மிக்ஸி அரை நிமிடம் உறுமுகிறது. அடுப்பு கேஸில் எரிகிறது. உருளைக்கிழங்கு வந்தால் கொதிக்கும் ஆய்வுலகம், பையன்கள் வராததைக் கேட்பதே இல்லை. கூழும் முட்டைக்கோசும் தின்ற குடியானவருக்கோ பக்குவ நூலே இல்லை. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் அனைவரும் மன்னர் வீட்டுச் சோறே சாப்பிடுகிறார்கள். கழகத்தின் பெரிய பொய் வான்கோழியில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான, ஆனால் பிடிவாதமான முடிவு.

மயிலையும் சொல்லவேண்டும். இறகோடு தோலை உரித்து, வறுத்தபின் மீண்டும் போர்த்தி, உயிரோடிருப்பதுபோல் சபைக்குக் கொண்டுவருவது அக்கால வழக்கம். 1465-இல் ஜார்ஜ் நெவில் யார்க் பேராயராகப் பதவியேற்ற விருந்தின் பட்டியலில் 104 மயில்கள் உள்ளன. இன்றைய விருந்தில் மயிலின் இடத்தில் கோழி அமர்கிறது. மயிலின் அபாவத்தை மட்டும் எந்தச் சான்றுவாதியும் குறையாக எழுதுவதில்லை.

எஞ்சியது உண்பவர் பற்றிய கேள்வி. விலாங்கு மீன் கிண்ணம் தொடப்படாமலே அடுப்படிக்குத் திரும்புகிறது; விருந்தினரோ களைப்பின்றி நள்ளிரவுவரை ஆடுகிறார்கள். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்பது தருக்க நூலார் அருத்தாபத்தி என்னும் அளவைக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. அதை இங்கே பொருத்தினால், விருந்து மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில் ஏதோ ஒரு காரின் பின்னிருக்கையில் பீட்சா இருந்தாக வேண்டும். அதில் தக்காளியும் இருந்தாக வேண்டும்.