மளிகைப் பை தூக்க முடிகிறதா?

இதய வால்வு மாற்றுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என் அந்தஸ்தே வேறு. கல்யாண வீடுகளில் ஃபேனுக்கு நேர் கீழே எனக்கொரு நாற்காலி. முதல் பந்தியில் இடம். "மூச்சு வாங்குற பிள்ளையைப் போய் ரேஷன் கடையில நிக்கச் சொல்றியா?" என்று அம்மா தம்பியைத்தான் விரட்டுவாள். சாப்பாடு மாடியேறி வரும். ராத்திரியில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த ராஜ வாழ்க்கையில் குறை.

எல்லாம் பள்ளிக்கூட நாளில் வந்த தொண்டைப் புண்ணின் கைங்கரியம். அதைத் தொடர்ந்து முழங்கால், கணுக்கால், முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே போனது. வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நான் வளர்ந்தேன், மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கியது. அந்த வலி ருமாட்டிக் காய்ச்சலின் வேலை என்பது தெரியவரப் பல வருஷம் ஆயிற்று.

இப்போது உள்ளே இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர், முந்தைய மாதிரிகள் தேறாமல் போனபின்னும் விடாமல் உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோகக் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறந்து மூடும், வருஷத்துக்கு நாலு கோடித் தடவைக்குக் கொஞ்சம் குறைவாக. என்னைவிடச் சுறுசுறுப்பு.

அறுவைக்குப் பிறகு வாழ்க்கைத் தரம் எப்படி என்று அறிய உலகமெங்கும் புழங்கும் 36 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. மாடி ஏற முடிகிறதா? மளிகைப் பை தூக்க முடிகிறதா? முடிகிறது, ஐயா. அதுதானே தொல்லை! ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், தம்பி மகளின் புத்தக மூட்டை எல்லாம் என் தலையில். முணுமுணுத்தால், "உனக்குத்தான் புது வால்வு போட்டாச்சே" என்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறேன்.

அந்தப் படிவத்தில் கீரையைப் பற்றிக் கேள்வியே இல்லை. சின்ன வயதில் முருங்கைக்கீரையை என் வாயில் திணித்த அதே அம்மா, இப்போது கரண்டியை அளந்து போடுகிறாள். கீரையிலுள்ள வைட்டமின் கே, ரத்தம் உறையாமலிருக்க நான் ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5க்குக் கீழே இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி பயம், 3.5ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு பயம். பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூட என் வீட்டில் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக்.

கீரையே ஆகாது என்று டாக்டர் சொல்லவில்லை. வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். இது சொந்தக்காரர்களுக்கு ஏறுவதில்லை. பாதிப் பேர் கீரையைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள்; மீதிப் பேர் "ரத்தம் ஊறும்" என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள்.

ஆகவே, வால்வு மாற்றியவரைப் பார்க்கப் போகிறவர்களே, கீரைக்கட்டு வேண்டாம், லேகியம் வேண்டாம், கைவசமிருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். சாத்துக்குடி வாங்கிப் போங்கள். முடிந்தால் அவர் வீட்டு ரேஷனையும்.