ஒரே மலையில் 116 வண்டினங்கள்

கேள்வி: மலைக்காட்டுத் தரைவண்டுகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? அதில் ஒன்றை மட்டும் ‘புதிய இனம்’ என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

பதில்: முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துதான் போவோம்! ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வெளியே ஒரே கறுப்புச் சட்டை போட்ட இரண்டு வண்டுகளுக்கு அதன் வளைவும் நுனியும் வேறாக இருக்கும். மார்புத் தகட்டின் அகலம், இறக்கை உறையில் ஓடும் கோடுகள், கண்ணுக்கு மேலே நிற்கும் மயிர் ஒன்றா இரண்டா என்பதுவரை எல்லாமே சாட்சி.

ஓர் உதாரணம்: ஹவாயின் மாவி தீவில் ஹலேயாகலா என்றொரு எரிமலை இருக்கிறது. உயரம் 3,055 மீட்டர். அங்குள்ள ‘மெசைக்ளோதோராக்ஸ்’ தரைவண்டுகளை ஆராய்ந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லீபர் 2015இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஒரே மலையில் 116 இனங்கள். அவற்றில் 74 புதியவை! இந்த வண்டுகளால் பறக்க முடியாது. அதனால் பக்கத்துச் சரிவுகூட அவற்றுக்கு வெளியூர்தான். பிரிந்து வாழ்ந்தவை காலப்போக்கில் தனித்தனி இனங்களாகிவிட்டன.

புதிய இனத்தை விவரித்தால் மட்டும் போதாது. ஒரு வண்டை ‘மூல மாதிரி’யாக அறிவித்து அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த வண்டிடம்தான் தீர்ப்புக் கேட்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? பெயரே இல்லாத உயிரை எந்தப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது? காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் பெயர் வைக்கட்டும்!