மிதிவண்டியோட்டியின் மூக்கொழுகல்: ஔலு நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

கடுங்குளிரில் சைக்கிளில் வேலைக்குப் போவது குறித்து எழுதியோர் டயரில் பதித்த ஆணி, உறைந்த பிரேக் கம்பி, காலுறை என்று விரிவாகவே பேசியிருக்கிறார்கள். மூக்கை மட்டும் கண்டுகொள்ளவில்லை. அப்பெருங்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

களம், ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே சுமார் 170 கிலோமீட்டரில் உள்ள பின்லாந்தின் ஔலு. முதல் குளிர்கால மிதிவண்டி மாநாடு 2013-இல் கூடியது இங்கேதான். பனியை வழித்து இறுக்கிய பாதைகளில், மைனஸ் 20 டிகிரியிலும் பிள்ளைகள் பள்ளிக்கு மிதித்துப் போகிறார்கள். ஆகவே ஒழுகும் மூக்குக்குப் பஞ்சமில்லை.

இனிக் காரணம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்குள் அடங்கும் நீராவி ஏறத்தாழ 1 கிராம். நுரையீரலின் 37 டிகிரியிலோ ஒரு கன மீட்டர் காற்று 44 கிராம் கேட்கும். அரை மணி நேரம் மூச்சு வாங்க மிதித்தால் கிட்டத்தட்ட அவ்வளவு காற்று உள்ளே போய்விடுகிறது. அதை ஈரமாக்கும் வேலையில் பெரும்பங்கு மூக்கின் தலையில் விழுகிறது. போதாததற்கு, வெளிவரும் மூச்சின் ஈரமும் சில்லிட்ட மூக்கில் பட்டு நீராகிறது. இது ஜலதோஷமன்று, மிளகு ரசம் வைப்பது வீண்.

தீர்வில் மூன்று கட்சிகள் உண்டு. கைக்குட்டைக் கட்சியார் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, பையைத் துழாவுவதற்குள் விரல் மரத்துவிடும். ஒருமுறை துடைத்த கைக்குட்டையோ அடுத்த முறைக்குள் அப்பளமாய் விறைத்திருக்கும். பெருவிரல் கட்சியே நாகரிகமானது. சைக்கிள் கையுறைகள் பலவற்றில் பெருவிரலின் முதுகில் துவாலைத் துணி ஒட்டுப் போட்டுத் தைத்திருப்பார்கள். வியர்வை துடைக்க என்று சொல்லிக்கொள்வது சபை மரியாதைக்காக.

மூன்றாவது சிந்தல் கட்சி. ஒரு நாசியை அழுத்தி மறு நாசியால் ஊதுவது. காற்றுத் திசை பாராமல் சிந்தினால் சொந்தச் சட்டையில் விழும்: தன்வினை. பின்னால் வருபவர்மீது விழுந்தால் பிறவினை. இரண்டும் வழுவே, திரும்பிப் பார்த்த பிறகே சிந்துக என்பது இவ்வாய்வின் விதி.

மீசைக்காரர்க்குத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. அலுவலகக் கதவைத் திறந்து வெதுவெதுப்புக்குள் நுழைந்ததும் மீசைப் பனி உருகி உதட்டுக்கு இறங்கும். அது மூச்சு உறைந்த நன்னீரா, மூக்கு தந்த உப்புநீரா என்பதைக் கண்டறிய ஒரே ஒரு சோதனைதான் உள்ளது. பெரும்பாலோர் அதை அறியாமலே செய்துவிடுகிறார்கள். முடிவை வெளியிட எவரும் முன்வரவில்லை.